அடுப்பு மாறினால் சமையல் மாறலாமா?

புதுச்சேரி நகரத்தின் வடபாகத்தில், கடலை ஒட்டினாற்போல் குருசுக்குப்பம் இருக்கிறது. வாடைக் காற்று எது, கொண்டல் எது, எந்தக் காற்றில் வலை போடலாம், எந்தக் காற்றில் படகைக் கரையேற்றிவிட வேண்டும் என்பதையெல்லாம் அங்குள்ள மீனவர்களுக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லித் தர வேண்டியதில்லை. பரம்பரை பரம்பரையாகக் கைவந்த வித்தை அது. ஆனால் கரையில் நிற்கும் மனிதனின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக் கடலின் நடுவிலே சுழன்று கொண்டிருக்கும் காற்று நாளை இரவு எந்த ஊரில் கரையேறும் என்பதை, எவ்வளவு அனுபவம் வாய்ந்த பெரியவராயிருந்தாலும் அலையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதைக் கணித்துச் சொல்வதற்காகப் புனேயிலும் நொய்டாவிலும் இரண்டு பெரிய கணித யந்திரங்கள் இராப் பகலாக வேலை செய்து வருகின்றன.

அந்த யந்திரங்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவற்றின் விலை இன்னது, வேகம் இன்னது என்ற விவரங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் ஓடும் நிரலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நிரல் என்பது யந்திரம் எந்தக் கணக்கை எந்த வரிசையில் போட வேண்டும் என்று மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதி. யந்திரம் ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது. நிரலோ முப்பது நாற்பது வருஷம் உயிர் வாழ்கிறது. மாறிக்கொண்டே போகும் யந்திரத்துக்கு மாறாத நிரலை எப்படிப் பொருத்துவது? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நேயர்கள் பயப்பட வேண்டாம். கல்யாணச் சமையல் நடக்கும் கொல்லைப்புறத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

முன்னறிவிப்பும் சரித்திரமும்

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் வந்த பெஞ்சல் புயலைப் புதுச்சேரிவாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். அது புயலாக வலுக்குமா, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடுமா என்பது 28-ஆம் தேதி வரையில் நிச்சயமாகவில்லை. 29-ஆம் தேதி பிற்பகலில் புயலாயிற்று. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த பிறகாவது போய்விட்டதா? இல்லை. பல மணி நேரம் அங்கேயே நகராமல் உட்கார்ந்துகொண்டது. டிசம்பர் முதல் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை சுமார் 48 சென்டிமீட்டர்!

இத்தகைய புயலுக்கு ஒரு தடவை கணக்குப் போட்டால் போதாது. கடலிலிருந்தும் வானிலிருந்தும் புதிய அளவுகள் வர வர, மறுபடியும் மறுபடியும் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் விடை சீக்கிரம் வந்தாக வேண்டும். முன்னறிவிப்பு முன்னால் வந்தால்தான் முன்னறிவிப்பு. பின்னால் வந்தால் அதற்குப் பெயர் சரித்திரம்.

இது எவ்வளவு பெரிய கணக்கு என்பதை முதன்முதலில் அநுபவித்து உணர்ந்தவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர். காற்றின் ஓட்டம், வெப்பம், அழுத்தம் இவையெல்லாம் பௌதிக விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே வானிலையையும் கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்று அவர் துணிந்தார். ஆறு மணி நேரத்து மாறுதலைக் கையாலேயே கணக்கிட அவருக்கு வாரக் கணக்கில் ஆயிற்று. விடையும் தவறாகவே வந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1922-இல் வெளியிட்ட தமது நூலில், ஒரு மாபெரும் மண்டபத்தில் 64,000 மனிதர்கள் உட்கார்ந்து ஒரே சமயத்தில் கணக்குப் போட்டால் வானிலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்று கற்பனை செய்தார். பிறகு 1950-இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்கணித யந்திரத்தில் 24 மணி நேரத்து முன்னறிவிப்பைக் கணித்தார்கள். கணித்து முடிக்கவும் ஏறக்குறைய 24 மணி நேரமே ஆயிற்று. மனிதன் காற்றை எட்டிப் பிடித்துவிட்டான், ஆனால் முந்திக்கொள்ளவில்லை!

இன்று கணக்குப் போடும் முறையும் அடிப்படையில் அதுவேதான். பூமியின் மேலுள்ள ஆகாயத்தைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, ஈரம், வெப்பம் முதலியவற்றைக் குறித்துக்கொண்டு, சில நிமிஷங்களுக்குப் பின் அவை எப்படி இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த விடையிலிருந்து அடுத்த சில நிமிஷங்கள். இப்படியே பத்து நாள் வரையில் போகிறார்கள். கட்டம் சிறியதானால் படம் தெளிவாகும். 12 கிலோமீட்டர்க் கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்தால் நீளத்தில் இரு மடங்கு, அகலத்தில் இரு மடங்கு. ஆக நான்கு மடங்கு கட்டங்கள். கட்டம் சிறுத்தால் காலத்தையும் பாதியாக நறுக்க வேண்டும். ஆகவே மொத்த வேலை எட்டு மடங்கு. கடலோரக் குப்பம் ஒன்றுக்கும் அதற்கு அடுத்த குப்பத்துக்கும் வித்தியாசம் காட்ட வேண்டுமானால், கணக்கு மலைபோல் வளர்ந்துவிடுகிறது.

பந்தியும் பரிசாரகர்களும்

இனிக் கல்யாணச் சமையலுக்கு வருவோம். சாம்பாருக்கு வேண்டிய பொருள்களும் பக்குவமும் ஒன்றே. ஆனால் சமைக்கும் இடம் மாறினால் வேலை செய்யும் முறை முழுவதும் மாறிவிடுகிறது. ஒரே ஒரு கெட்டிக்காரச் சமையற்காரரும் ஒரு பெரிய அடுப்பும் இருக்கும் இடத்தில் நாம் சொல்லும் ஏற்பாடு, நூறு சிறு அடுப்புகளும் நூறு ஆட்களும் உள்ள இடத்தில் செல்லுமா? அங்கே யார் காய் நறுக்குவது, யார் பருப்பு வேகவைப்பது, யாருக்காக யார் காத்திருப்பது என்பதல்லவா முதல் பிரச்னை?

1989-இல் டில்லியில் நிறுவப்பட்ட கிரே எக்ஸ்-எம்.பி. யந்திரம் முதல் வகையைச் சேர்ந்தது. பந்தியில் நூறு இலை போட்டிருக்கும்போது, வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை நிற்காமல் பரிமாறிக்கொண்டே போகும் ஆளைப்போல், ஒரே கட்டளையில் ஒரு நீண்ட வரிசை எண்களுக்குக் கணக்குப் போடுவது அதன் வழக்கம். பருவ மழையைக் கணிப்பதற்கென்று அமெரிக்காவிலிருந்து வாங்கிய யந்திரம் அது. வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாதென்று அதற்கு நிபந்தனைகள் வேறு! அதைவிட வலிமையான யந்திரத்தை நமக்கு விற்க அமெரிக்க சர்க்கார் இணங்கவில்லை.

இல்லையென்று சொன்னதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. 1988-இல் புனேயில் ஸி-டாக் என்னும் ஸ்தாபனம் தோன்றியது. டாக்டர் விஜய் பட்கரின் தலைமையில் 1991-இல் பரம் 8000 என்னும் சுதேசி யந்திரம் வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1986-இல், பெங்களூர் என்.ஏ.எல். ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் யு. என். சின்ஹாவும் அவருடைய சகாக்களும் நான்கு சிறு செயலிகளை இணைத்து புளோஸால்வர் என்ற யந்திரத்தைக் கட்டியிருந்தார்கள். இவையெல்லாம் இரண்டாம் வகை: ஒரு பெரிய சமையற்காரருக்குப் பதிலாகப் பல சிறு சமையற்காரர்கள்.

யந்திரம் கட்டியாயிற்று. ஆனால் வானிலை நிரலோ கிரே யந்திரத்தின் பந்தி முறைக்கென்று அமைந்தது. அதை அப்படியே தூக்கிப் பல செயலிகளின் மேல் வைத்தால் ஓடுமா? ஓடாது. எந்தப் பகுதியை எந்தச் செயலி கணிப்பது, ஒன்றின் விடை மற்றொன்றுக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று வரிவரியாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. என்.ஏ.எல். கூடத்தார் அந்தக் காரியத்தை மேற்கொண்டு செய்தார்கள். அந்த வழியில் வளர்ந்த வானிலை மாதிரிக்கு வர்ஷா என்று அழகான பெயரும் சூட்டினார்கள். யந்திரத்தை நமக்கு மறுத்தவர்கள், நிரலைத் திருத்தி எழுதும் அறிவை மறுக்க முடியவில்லை.

உக்கிராணமும் அஞ்சறைப் பெட்டியும்

'ஆளைக் கூட்டினால் வேகம் கூடும், அவ்வளவுதானே?' என்று கேட்கலாம். அவ்வளவு சுலபமில்லை. வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆயிரம் ஆளை வைத்தாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. 1967-இல் ஜீன் ஆம்தால் என்பவர் எடுத்துக்காட்டிய உண்மை இது. தாளிப்பதற்கு ஒருவர்தான் என்றால், மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்!

இன்னொரு சங்கடமும் உண்டு. சாமான்கள் உக்கிராண அறையில் இருக்கின்றன. அடுப்பு கொல்லையில் இருக்கிறது. ஒவ்வொரு சிட்டிகை மிளகுக்கும் உக்கிராணத்துக்கு ஓடினால் சமையல் ஆனாற்போலத்தான்! அதற்காகவே சமையற்காரர் அஞ்சறைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். இன்றைய செயலிகளிலும் அதே ஏற்பாடுதான். தூரத்திலுள்ள பெரிய நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து வரும் நேரத்தில், செயலி நூற்றுக் கணக்கான கணக்குகளைப் போட்டுவிடும். ஆகையால் அடிக்கடி வேண்டிய எண்களைப் பக்கத்திலுள்ள சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. எடுத்த எண்ணைத் திரும்ப வைப்பதற்குள் அதைக் கொண்டு முடிக்க வேண்டியதையெல்லாம் முடித்துக்கொள்ளும்படி எழுதுவதுதான் நல்ல நிரலின் லட்சணம்.

2005-ஆம் வருஷத்தை ஒட்டி ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. அதுவரையில் செயலியின் துடிப்பு வேகம் ஏறிக்கொண்டே வந்தது. பழைய நிரலை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் புதிய யந்திரத்தில் போட்டால் தானாகவே வேகமாக ஓடும். உழைக்காமல் கிடைத்த லாபம்! ஆனால் நொடிக்கு 300, 400 கோடித் துடிப்புகளை எட்டியதும் உஷ்ணம் தாங்க முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் வேகத்தைக் கூட்டுவதை விட்டு, ஒரே சில்லில் பல செயலிகளை வைக்கத் தொடங்கினார்கள். படங்களை வரைவதற்கென்று ஏற்பட்ட ஜி.பி.யு. என்னும் செயலிகளும் கணிதத்துக்கு வந்து சேர்ந்தன. ஆயிரக் கணக்கான சிறுவர்கள் ஒரே தாளத்துக்கு ஒரே மாதிரி காய் நறுக்குவது போன்றது ஜி.பி.யு.வின் வேலை. எல்லோருக்கும் ஒரே வேலை என்றால் அதற்கு நிகரில்லை. ஆளுக்கு ஒரு வேலை என்றால் திகைத்துப் போய்விடும்.

ஓர் எண்ணைத் திறந்து வை

இவ்வளவு வகை யந்திரங்களுக்கும் தனித் தனியே நிரல் எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஆகவே அறிஞர்கள் சில உபாயங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் உபாயம் மிகவும் எளிது. யந்திரத்துக்குத் தகுந்தபடி மாற வேண்டிய அளவை நிரலுக்குள் புதைத்து விடாமல், வெளியே திறந்து வைப்பது. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை நிலையத்தாரின் நிரலில், ஒரு தடவைக்கு எத்தனை கட்டங்களை எடுத்துக் கணிப்பது என்பது ஒரே ஓர் எண்ணாக வைக்கப்பட்டிருக்கிறது. பந்தி முறை யந்திரமானால் அதைப் பெரிதாக்கலாம். அஞ்சறைப் பெட்டி முறை யந்திரமானால் சிறிதாக்கலாம். பல லட்சம் வரிகளைத் தொடாமல் ஓர் எண்ணைத் திருப்பினால் போதும்.

இரண்டாம் உபாயம், நிரலே யந்திரத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்வது. அலைகளைப் பகுத்துக் கணக்கிடும் பூரியர் மாற்றம் என்னும் கணித முறை வானிலை மாதிரிகள் பலவற்றுக்கு உயிர்நாடி. அதற்காக எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மத்தேயோ பிரிகோ, ஸ்டீவன் ஜான்ஸன் என்னும் இருவர் 1997-இல் எப்.எப்.டி.டபிள்யூ. என்ற நிரல் தொகுப்பை வெளியிட்டார்கள். ஒரே கணக்கைப் பல வழிகளில் போடலாமல்லவா? தான் வந்து சேர்ந்த யந்திரத்தில் அந்த வழிகளை ஓட்டிப் பார்த்து, எது சீக்கிரம் முடிகிறதோ அதை அந்தத் தொகுப்பு தானே பொறுக்கிக்கொள்கிறது. புது ஊருக்கு வந்த சமையற்காரர் முதலில் அடுப்பின் அனலையும் விறகின் குணத்தையும் பார்த்துக்கொள்வது போலத்தான். இன்னொரு வேடிக்கை: அதன் உட்பகுதிகளில் பெரும்பாலானவற்றை எழுதியது மனிதர் அல்ல, நிரலை எழுதுவதற்கென்றே அவர்கள் செய்த மற்றொரு நிரல்!

மூன்றாம் உபாயம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. எதைக் கணிக்க வேண்டும் என்பதையும், எப்படிக் கணிக்க வேண்டும் என்பதையும் வேறு வேறாகப் பிரித்து விடுவது. வானிலை விஞ்ஞானி தமது சமன்பாடுகளை மட்டும் எழுதட்டும். வேலையைச் செயலிகளுக்குப் பங்கிடும் பகுதியை ஒரு மொழிபெயர்ப்பு நிரல் யந்திரத்துக்கு ஏற்ப உண்டாக்கிக் கொடுக்கட்டும். பிரிட்டிஷ் வானிலை இலாகா இந்த முறையில் ஒரு புதிய மாதிரியை எழுதி வருகிறது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் எல்.எப்.ரிக். நமது பழைய நண்பர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸனின் பெயர்ச் சுருக்கம்தான்! அந்த இலாகாவின் முந்தைய மாதிரியை நமது நொய்டா நிலையமும் 2012 முதல் உபயோகித்து வந்திருப்பதால், இது நமக்கு அந்நியமான சமாசாரமல்ல. சுவிட்ஸர்லாந்து வானிலை இலாகாவும் தன் நிரலின் மையப் பகுதியை இவ்வாறு திருத்தி எழுதி, 2016-இல் அன்றாட முன்னறிவிப்பை ஜி.பி.யு. யந்திரங்களில் ஓட்டத் தொடங்கியது. தேசிய வானிலை நிலையங்களுள் அதுவே முதன்மையானது.

மாற்றி எழுதியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. யந்திரத்தில் எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் சற்றே மாறும். சாதாரணக் கணக்கானால் பாதகமில்லை. வானிலையோ அப்படிப்பட்டதல்ல. 1961-இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற விஞ்ஞானி 0.506127 என்னும் எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச தூரம் சென்றதும் முற்றிலும் வேறான வானிலை வந்து நின்றது! ஆகவே பழைய விடையும் புதிய விடையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துப் பயனில்லை. பல தடவை ஓட்டி, மொத்தப் போக்கு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னறிவிப்பையே இன்று அப்படித்தான் செய்கிறார்கள். 2018 ஜூன் மாதத்தில் நம் தேசத்தில் தொடங்கிய முறையில், தொடக்க அளவுகளைச் சற்றுச் சற்றே மாற்றி 21 தடவை கணக்குப் போடுகிறார்கள். இருபத்தொன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் தைரியமாகச் சொல்லலாம். சிதறினால் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். பெஞ்சலைப் போன்ற தடுமாறும் புயலுக்கு இதுவே தகுந்த முறை. ஆனால் 21 தடவை ஓட்டுவதற்கும் வேகம் வேண்டுமே!

ரிப்பன் வெட்டாத வேலை

2018-இல் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர் என்னும் யந்திரங்கள் வந்தன. 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி அவற்றின் வாரிசுகளாக அர்கா, அருணிகா இரண்டும் துவக்கி வைக்கப்பட்டன. இதற்கான செலவு 850 கோடி ரூபாய். 2025 மே 26-ஆம் தேதி, சுமார் 6 கிலோமீட்டர்க் கட்டங்களைக் கொண்ட பாரத் முன்னறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது.

இங்கே நேயர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள் போடுவதை ஒரு பெட்டாபிளாப் என்கிறார்கள். பிரத்யூஷின் வேகம் 4. அர்காவின் வேகம் 11.77. அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் 12 கிலோமீட்டரை 6 ஆக்குவதற்கு, முன் சொன்னபடி, வேலை எட்டு மடங்கு. மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை யந்திரம் நிரப்ப முடியாது. கட்டங்களை வேறு விதமாக அமைத்தும், கணித முறையைத் திருத்தியும், நிரலைச் செப்பனிட்டும் மனித மூளைதான் அதை நிரப்ப வேண்டும். யந்திரம் வந்த அன்று மேளதாளத்துடன் துவக்க விழா நடத்தலாம். மூன்று வருஷம் உட்கார்ந்து நிரலைத் திருத்தியவருக்கு எந்த ரிப்பனை வெட்டுவது?

காசு இருந்தால் யந்திரத்தை வாங்கிவிடலாம். ஒரு காலத்தில் காசு இருந்தும் அது நமக்குக் கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது, நாளை எப்படியோ யார் கண்டது? ஆனால் எந்த அடுப்பு கிடைத்தாலும் அதில் குறித்த நேரத்துக்குச் சமைத்து முடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்துவிட்டால், நாம் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களைப் பயிற்றுவித்துத் தக்க சம்பளமும் கொடுத்து, ஒரே வேலையில் பத்து வருஷம் நிலைத்திருக்கச் செய்வது யந்திரம் வாங்குவதைவிட முக்கியமான காரியமென்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

இதைப் படிக்கும் நேயர்களின் இல்லங்களில் கம்ப்யூட்டர் படிப்புப் படிக்கும் பிள்ளைகளும் பெண்களும் பலர் இருப்பார்கள். நிரல் ஓடுகிறதா என்பதோடு அவர்கள் திருப்தி அடைந்துவிடக் கூடாது. நாளை வேறொரு யந்திரம் வந்தால் இதில் எதை மாற்ற வேண்டியிருக்கும், எதைத் தொடாமலே விடலாம் என்பதை இன்றே யோசித்து எழுத அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்விதம் எழுதப்பட்ட நிரல் மிச்சம் பிடித்துத் தரும் இரண்டு மணி நேரம் நகரத்தில் இருப்பவருக்கு அற்பமாகத் தோன்றலாம். கடலில் இருக்கும் படகுக்கு அந்த இரண்டு மணி நேரந்தான் கரை.